கைத்தள்ளல்

கைத்தள்ளல் என்பது ரக்பி, அமெரிக்கக் காற்பந்து, ஆத்திரேலியக் காற்பந்து முதலிய விளையாட்டுகளில் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டக்காரர், தம்மைப் பிடிக்க வரும் எதிரணியினரை வெறுங்கையால் தள்ளி விலக்கும் முறையாகும். பந்து ஒரு கையின் இடுக்கில் இருக்க, மற்றொரு கை விரிந்த உள்ளங்கையுடன் தடுப்பாளரின் மார்பிலோ தோளிலோ தலையிலோ ஊன்றப்படுகிறது. ஓடுபவரைக் கீழே வீழ்த்த வேண்டுமானால் தடுப்பாளர் அவரை நெருங்கி, தோளால் மோதி, இரு கைகளாலும் வளைத்துப் பிடிக்க வேண்டும். இடையே ஒரு கையின் நீளம் இருக்கும்வரை இது இயலாது. அந்த இடைவெளியை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் காத்துக்கொள்வதே கைத்தள்ளலின் நோக்கம் ஆகும்.

விதிகளின் நோக்கில் இது ஒரு வியப்பான உரிமை. ரக்பியில் தடுப்பாளர் பந்தேந்தியின் தோளுக்கு மேல் பிடித்தால் தண்டனை உண்டு; பந்தேந்தி தடுப்பாளரின் முகத்தில் கையை ஊன்றித் தள்ளினால் பெரும்பாலும் ஆட்டம் தொடரும். தலைக்காயங்கள் பற்றிய கவலை மிகுந்துள்ள இக்காலத்திலும் இவ்வுரிமை நீடிக்கிறது.

பெயர்கள்

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்கு நாட்டுக்கொரு பெயர் வழங்குகிறது. பிரித்தானியாவில் 'ஹேண்ட்-ஆஃப்' என்றும், ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் 'ஃபெண்ட்' என்றும், அமெரிக்காவில் 'ஸ்டிஃப் ஆர்ம்', அதாவது விறைத்த கை, என்றும் கூறுவர். இப்பெயர்கள் புதிய வாசகரைக் குழப்பக்கூடியவை. அமெரிக்கக் காற்பந்தில் 'ஹேண்ட்-ஆஃப்' என்றால் பந்தைத் தன் அணியின் மற்றொருவர் கையில் நேரடியாகக் கொடுப்பது என்று பொருள். ரக்பியில் 'ஸ்டிஃப் ஆர்ம் டேக்கிள்' என்பதோ, தடுப்பாளர் தம் கையை விறைப்பாக நீட்டி ஓடுபவரின் கழுத்திலோ தலையிலோ இடிக்கும் குற்றத்தைக் குறிக்கும். ஒரு விளையாட்டில் பாராட்டப்படும் செயலின் பெயர் மற்றொன்றில் தண்டனைக்குரிய செயலின் பெயராக உள்ளது.

ஆத்திரேலியாவில் 'டோன்ட் ஆர்க்யூ' என்ற பெயரும் உண்டு. 'வாதாடாதே' என்பது இதன் பொருள். மெல்போர்னைச் சேர்ந்த ஹட்டன் என்னும் பன்றியிறைச்சி நிறுவனத்தின் விளம்பரச் சின்னத்தில், ஒருவர் மற்றொருவரின் முகத்தில் கையை வைத்துத் தள்ளுவது போன்ற படமும் இச்சொற்களும் இடம்பெற்றிருந்தன. விளம்பரத்திலிருந்து இத்தொடர் விளையாட்டு வருணனைக்குள் புகுந்து அங்கேயே நிலைத்துவிட்டது.

தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லை. இக்கட்டுரையில் செயலைக் கைத்தள்ளல் என்றும், பந்தை ஏந்தி ஓடுபவரைப் பந்தேந்தி என்றும், அவரைப் பிடிக்க முயல்பவரைத் தடுப்பாளர் என்றும் குறிப்பிடுகிறோம்.

வரலாறு

கையால் தள்ளலாமா, கூடாதா என்ற கேள்வி காற்பந்து இரண்டு விளையாட்டுகளாகப் பிரிந்த கதையோடு தொடர்புடையது. 1863ஆம் ஆண்டு இலண்டனில் காற்பந்துச் சங்கம் கூடித் தன் முதல் விதிகளை வகுத்தபோது, பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதையும், அவ்வாறு ஓடுபவரைப் பிடிப்பதையும், காலில் உதைப்பதையும் அனுமதிக்கும் பகுதிகள் வரைவில் இருந்தன. நீண்ட விவாதத்திற்குப் பின் அவை நீக்கப்பட்டன. இறுதியாக ஏற்கப்பட்ட பத்தாம் விதி, காலிடறுதலையும் உதைத்தலையும் தடுத்ததோடு, எதிராளியைப் பிடிக்கவோ தள்ளவோ எந்த ஆட்டக்காரரும் கைகளைப் பயன்படுத்தக் கூடாது என்றும் கூறியது. இம்மாற்றங்களை ஏற்காத பிளாக்ஹீத் கழகம் சங்கத்தை விட்டு வெளியேறியது. 1871இல் ரக்பிக் காற்பந்து ஒன்றியம் தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினர்களுள் அக்கழகமும் ஒன்று.

ரக்பியினரும் காலில் உதைப்பதை 1871இலேயே கைவிட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் பந்தேந்தியின் கையை அவர்கள் கட்டிப்போடவில்லை. ஓடுபவரைப் பிடித்து வீழ்த்த அனுமதிக்கும் ஓர் ஆட்டத்தில், அவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழியையும் விட்டுவைப்பது இயல்பான முடிவாகவே தோன்றுகிறது.

1874ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணி அமெரிக்காவின் ஆர்வர்டு அணியுடன் ரக்பி முறையில் விளையாடியது. அமெரிக்கக் கல்லூரிகளில் ரக்பி வேரூன்ற இந்த ஆட்டம் காரணமாயிற்று. பின்னர் அங்கு விதிகள் பலவாறு மாறித் தனி விளையாட்டாக வளர்ந்தபோதும் கைத்தள்ளல் உடன் வந்தது.

செயல்படும் முறை

கைத்தள்ளலைப் பெரும் தோள் வலிமையின் விளைவாகப் பார்வையாளர் எண்ணுவதுண்டு. உண்மையில் எலும்பின் அமைப்பும் நேரக் கணிப்பும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. முழங்கை மடங்கியிருந்தால் எதிராளியின் எடையை மேற்கையின் பின்புறத் தசை தாங்க வேண்டும். அது விரைவில் தளர்ந்துவிடும். கை ஏறக்குறைய நேராக இருந்தால் உள்ளங்கையில் விழும் விசை மணிக்கட்டு, முன்கை, மேற்கை எலும்புகளின் வழியே தோளுக்கும் உடலுக்கும் கடத்தப்படுகிறது. அப்போது தடுப்பாளர் மோதுவது ஒரு கையுடன் அன்று, ஓடிக்கொண்டிருக்கும் முழு உடலுடன்.

எனினும் முன்கூட்டியே கையை நீட்டிக்கொண்டு ஓடுவது தவறு. நீட்டிய கையைத் தடுப்பாளர் தட்டிவிடலாம், அல்லது மணிக்கட்டைப் பற்றி இழுக்கலாம். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் முழங்கையைச் சற்று மடக்கி வைத்திருந்து, தடுப்பாளர் கைக்கெட்டும் தொலைவுக்கு வந்த நொடியில் விரைந்து நீட்டுகின்றனர். தடுப்பாளர் தம் கால்களைத் தரையில் உறுதியாக ஊன்றுவதற்கு முன் இது நிகழ வேண்டும்.

நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, தள்ளுபவரும் அதே அளவு விசையால் எதிர்த்திசையில் தள்ளப்படுகிறார். இது இழப்பன்று, கைத்தள்ளலின் பயனில் பாதி இதுவே. எடுத்துக்காட்டாக, 100 கிலோகிராம் நிறையுள்ள பந்தேந்தி, பக்கவாட்டில் வரும் 90 கிலோகிராம் நிறையுள்ள தடுப்பாளரைச் சராசரியாக 400 நியூட்டன் விசையுடன் 0.2 நொடி தள்ளுவதாகக் கொள்வோம். கணத்தாக்கு 80 நியூட்டன் நொடி. இதனால் தடுப்பாளரின் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.9 மீட்டர் ஒரு பக்கமும், பந்தேந்தியின் திசைவேகம் 0.8 மீட்டர் மறுபக்கமும் மாறுகின்றன. கால்கள் ஊன்றுவதைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அடுத்த அரை நொடியில் இருவருக்கும் இடையே ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் கூடுதல் இடைவெளி ஏற்படும். நீட்டிய கைகளிலிருந்து தப்ப இது பெரும்பாலும் போதும். எடை குறைந்த ஓட்டக்காரர்கள் இந்த எதிர்விசையையே நம்பியுள்ளனர். எதிராளியை நகர்த்துவதைவிட, அவரைச் சுவர்போலப் பயன்படுத்தித் தாம் விலகிச் செல்கின்றனர்.

எங்கே தள்ளுவது என்பது தடுப்பாளர் வரும் நிலையைப் பொறுத்தது. நிமிர்ந்து வருபவரின் மார்பில் ஊன்றினால் அவரது ஓட்டம் தடைபடும். தலையோ தோளோ உடலின் நிறைமையத்திலிருந்து தொலைவில் இருப்பதால், அங்கு கொடுக்கும் சிறு விசையும் அவரைச் சாய்க்கும் திருப்புவிசையாகிறது. கால்களை நோக்கித் தாழப் பாய்பவரை மேலிருந்து கீழாகத் தரையை நோக்கி அழுத்துவர். அவரது பாய்ச்சலே அவரை வீழ்த்திவிடும்.

பந்தை எந்தக் கையில் ஏந்துவது

கைத்தள்ளல் தள்ளும் கையில் தொடங்குவதில்லை. பந்தை ஏந்தும் கையில் தொடங்குகிறது. தடுப்பாளர் வரும் பக்கத்துக் கை வெறுமையாக இருக்க வேண்டுமாதலால், பந்து மறுபக்கக் கையில் இருக்க வேண்டும். வலது எல்லைக்கோட்டை ஒட்டி ஓடுபவருக்குத் தடுப்பாளர்கள் இடப்பக்கமிருந்தே வருவர். எனவே பந்து வலக்கையில் இருத்தல் வேண்டும். தம் வலிமையான கையிலேயே எப்போதும் பந்தை வைத்திருக்கும் இளம் ஆட்டக்காரர்களிடம் பயிற்சியாளர்கள் முதலில் மாற்ற முயல்வது இப்பழக்கத்தையே. பந்தின் ஒரு முனையை விரல்களால் மூடி, மறுமுனையை முழங்கை மடிப்பில் செருகி, பந்தை விலாவோடு அணைத்துக்கொள்வது பாதுகாப்பான முறையாகும்.

இங்குதான் ரக்பியும் அமெரிக்கக் காற்பந்தும் வேறுபடுகின்றன. ரக்பியில் பந்தேந்தி எந்நேரமும் பக்கத்திலோ பின்னாலோ வரும் தோழருக்குப் பந்தை எறியலாம். அதற்குப் பொதுவாக இரு கைகளும் தேவை. இரு கைகளிலும் பந்து இருக்கும்வரை, அவர் ஓடுவாரா எறிவாரா என்று தடுப்பாளர் ஐயுற வேண்டியுள்ளது. பந்தை ஒரு கைக்கு மாற்றியவுடன் அந்த ஐயம் பெருமளவு நீங்கிவிடுகிறது. தடுப்பாளர் தயங்காமல் ஒருவரை மட்டும் குறிவைக்கலாம். ஆகவே ரக்பியில் கைத்தள்ளலுக்கு ஒரு விலை உண்டு. அமெரிக்கக் காற்பந்தில் ஆட்டக் கோட்டைக் கடந்தபின் பந்தை முன்னோக்கி எறிய இயலாது. பின்னோக்கி எறிவது அரிது. அங்கு பந்தை ஒரு கையில் ஏந்துவதால் மறைக்க வேண்டிய எண்ணம் எதுவும் வெளிப்படுவதில்லை. கைத்தள்ளல் அவ்விளையாட்டின் அடையாளமாகவே ஆனதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அங்கு விலை வேறு வகையில் வருகிறது. ஒரு கையில் உள்ள பந்தைத் தட்டிப் பறிப்பது எளிது. சிகாகோ பேர்ஸ் அணியில் 2003 முதல் 2014 வரை ஆடிய சார்லஸ் டில்மன், ஓடுபவரைப் பிடிக்கும்போதே பந்தைக் குத்தி விழச்செய்வதில் பெயர் பெற்றவர். தம் ஆட்டவாழ்வில் இவ்வாறு 44 முறை எதிரணியினரைப் பந்தை நழுவவிடச் செய்தார்.

விதிகள்

ரக்பி யூனியன் விதிகளின்படி, அளவுக்கு மீறிய விசையைப் பயன்படுத்தாதவரை பந்தேந்தி எதிராளியைக் கையால் தள்ளி விலக்கலாம். 'அளவுக்கு மீறிய' என்பதற்கு விதி நூல் எண்ணால் வரையறை தரவில்லை. நடுவரின் கணிப்புக்கே விடப்பட்டுள்ளது. ஆனால் முழங்கையையோ முன்கையையோ முன்னிறுத்தி மோதுவது ஆபத்தான ஆட்டம் என்று தனியே தடைசெய்யப்பட்டுள்ளது. கையை ஓங்கி அடிப்பதும் குத்துவதும் குற்றங்களே. நடைமுறையில், கை எதிராளியின் மேல் பட்டபின் தள்ளியதா, தொலைவிலிருந்து வீசி அடித்ததா என்பதையே நடுவர்கள் பெரிதும் நோக்குகின்றனர். இங்கிலாந்தில் சிறுவர் ரக்பியின் தொடக்க வயதுப் பிரிவுகளில் கைத்தள்ளல் அனுமதிக்கப்படுவதில்லை.

அமெரிக்கக் காற்பந்தின் தேசியக் கூட்டமைப்பில் (என்.எஃப்.எல்.) பந்தேந்தி கைகளால் எதிராளிகளை விலக்கலாம். தலைக்கவசத்தின் முன்னுள்ள முகக்காப்புக் கம்பியைப் பற்றித் திருகினாலோ இழுத்தாலோ, குற்றம் செய்தவர் பந்தேந்தியாயினும் 15 யார்டு தண்டனை உண்டு. இவ்விதியின் வரலாறு சுவையானது. 1956இல் முகக்காப்பைப் பற்றுவது தடைசெய்யப்பட்டபோது ஒருவருக்கு மட்டும் அப்பாதுகாப்பு மறுக்கப்பட்டது. அவர் பந்தேந்தி. அவரது முகக்காப்பை யாரும் பற்றி இழுக்கலாம் என்ற நிலை 1962 வரை நீடித்தது.

ஆத்திரேலியக் காற்பந்தில் தோளுக்கு மேல் கை பட்டால் எதிரணிக்குத் தண்ட உதை கிடைக்கும். அங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. கைத்தள்ளலுக்கு முயன்றவர், பந்தை விடுவிக்கப் போதிய வாய்ப்புப் பெற்றவராகவே கருதப்படுவார். முயற்சி தோற்றுப் பிடிபட்டால், பந்தை முறையாக விடுவிக்காத குற்றத்திற்காக அதை இழப்பார். தள்ளத் துணிபவர் வென்றே தீர வேண்டும் என்ற நிலையை இவ்விதி உண்டாக்குகிறது.

பாதுகாப்பு பற்றிய விவாதம்

ரக்பியில் தலைக்கு ஏற்படும் அதிர்ச்சிக் காயங்களைக் குறைக்க உலக ரக்பி அமைப்பு 2017ஆம் ஆண்டு சனவரி முதல் உயரப் பிடிகளுக்கான தண்டனைகளைக் கடுமையாக்கியது. 2019இல் நடுவர்களுக்கான முடிவெடுப்பு வழிமுறையையும் வெளியிட்டது. இங்கிலாந்தில் தொழில்முறை சாராத ஆட்டங்களில் 2023 முதல் மார்பெலும்பின் அடிப்பகுதிக்கு மேல் பிடிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. இவை யாவும் தடுப்பாளரைக் குனியச் செய்கின்றன. குனிந்து வருபவரின் முகம் பந்தேந்தியின் நீட்டிய கைக்கு நேராக வருகிறது என்பது இதன் எதிர்பாராத விளைவு. தடுப்பாளருக்குத் தலை விலக்கப்பட்ட இடமாகவும், பந்தேந்திக்கு அனுமதிக்கப்பட்ட இடமாகவும் இருப்பது நியாயமா என்ற கேள்வி இதனால் எழுகிறது.

கைத்தள்ளலை ஆதரிப்போர், விரிந்த உள்ளங்கை தோளையோ தலையையோ போன்ற கடினமான மோதுபொருள் அன்று என்றும், இருவரின் தலைகளையும் அது ஒன்றிலிருந்து ஒன்று விலக்கியே வைக்கிறது என்றும் வாதிடலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் கை கழுத்தில் வழுக்கிச் செல்வதும், விரல்கள் கண்ணில் படுவதும், உள்ளங்கை தள்ளலாகத் தொடங்கி முன்கை இடியாக முடிவதும் ஆடுகளத்தில் நிகழக்கூடியவை. மிக விரைவாக முடிந்துவிடும் ஒரு செயலில் இந்த எல்லைகளைப் பிரித்தறிவது, மெதுவாக ஓட்டிப்பார்க்கும் ஒளிப்படக்காட்சி இல்லாத சிறிய மைதானங்களில் எளிதன்று.

தள்ளுபவருக்கும் இடர் உண்டு. முற்றிலும் நீண்டு பூட்டப்பட்ட முழங்கை பின்னோக்கி வளையலாம்; மணிக்கட்டு சுளுக்கலாம்; விரல்கள் எதிராளியின் சட்டையில் சிக்கலாம். பக்கவாட்டில் நீட்டிய கையைப் பின்னாலிருந்து ஒருவர் இழுத்தால் தோள்மூட்டு விலகும் வாய்ப்பும் உள்ளது.

ஹைஸ்மன் விருதுச் சிலை

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் ஹைஸ்மன் விருது, கைத்தள்ளலில் ஈடுபட்ட ஓர் ஆட்டக்காரரின் வெண்கலச் சிலையாகும். இடக்கையில் பந்தும், நீட்டிய வலக்கையும், உயர்த்திய காலுமாக அது அமைந்துள்ளது. ஃபிராங்க் எலிஸ்கு என்னும் இளம் சிற்பி இதனை வடித்தார். நியூயார்க்குப் பல்கலைக்கழக அணியின் எட் ஸ்மித் அதற்கு மாதிரியாக நின்றார். நீட்டிய கை இயல்பாக அமைய வேண்டும் என்பதற்காக ஃபோர்டம் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜிம் குரோலியின் கருத்தும் கேட்கப்பட்டது. அவர் தம் ஆட்டக்காரர்களை வெவ்வேறு நிலைகளில் நிற்கச்செய்து காட்டினார். தாம் மாதிரியாக நின்ற சிலையே அந்தப் புகழ்பெற்ற விருது என்பதை ஸ்மித் 1982இல்தான் அறிந்தார்.

விருதை முதலில் 1935இல் பெற்றவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். அடுத்த ஆண்டு நடந்த முதல் என்.எஃப்.எல். தெரிவில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டும் அவர் தொழில்முறை ஆட்டத்தில் ஒருமுறையும் ஆடவில்லை. பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன் 1936இல் மறைந்தபின் விருதுக்கு அவர் பெயர் இடப்பட்டது. 1991 நவம்பரில் மிச்சிகன் அணியின் டெஸ்மண்ட் ஹோவர்ட், ஒகையோ மாநில அணிக்கு எதிராக 93 யார்டு ஓடிப் புள்ளி பெற்றவுடன் அச்சிலையைப் போல் கையை நீட்டிக் காலை உயர்த்தி நின்றார். அவ்வாண்டின் விருதும் அவருக்கே கிடைத்தது. அன்று முதல் அத்தோற்றம் வெற்றிக்களிப்பின் குறியாகப் பலராலும் பின்பற்றப்படுகிறது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

1995 உலகக்கோப்பை ரக்பி அரையிறுதி ஆட்டம் சூன் 18 அன்று கேப் டவுனில் நடைபெற்றது. நியூசிலாந்தின் ஜோனா லொமுவுக்கு அப்போது வயது 20, உயரம் 1.96 மீட்டர். இங்கிலாந்தின் டோனி அண்டர்வுட்டை விலக்கி, வில் கார்லிங் காலைத் தட்டிவிட்டபோது தடுமாறியும் விழாமல், இறுதியில் நின்ற மைக் கேட்டின் மேலேயே ஏறிக் கடந்து அவர் முதற்புள்ளியைப் பெற்றார். அன்று அவர் நான்கு முறை இவ்வாறு கோட்டைக் கடந்தார். நியூசிலாந்து 45–29 என வென்றது. பேருருவம் கொண்ட ஒருவர் பக்க ஓட்டக்காரராகவும் இருக்கலாம் என்பதை இந்த ஆட்டம் உலகுக்குக் காட்டியது.

2011 சனவரி 8 அன்று சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் மார்ஷான் லிஞ்ச், நியூ ஆர்லியன்சு செயின்ட்ஸ் அணிக்கு எதிராக 67 யார்டு ஓடிய ஓட்டத்தின் நடுவே டிரேசி போர்ட்டரைக் கையால் தள்ளித் தரையில் வீழ்த்தினார். பார்வையாளரின் ஆரவாரத்தால் ஏற்பட்ட அதிர்வை மைதானத்திற்கு அருகிலிருந்த நிலநடுக்கப் பதிவுக்கருவி பதிந்தது. டென்னசி டைட்டன்ஸ் அணியின் டெரிக் ஹென்றி, 2018 திசம்பரில் ஜாக்சன்வில் அணிக்கு எதிராக 99 யார்டு ஓடியபோது ஒன்றன்பின் ஒன்றாகப் பலரைத் தள்ளி விலக்கினார். ஓர் ஓட்டத்திற்கு இதைவிட அதிகத் தொலைவு சாத்தியமில்லை. முன்னர் இவ்வளவு ஓடியவர் 1983 சனவரியில் டோனி டார்செட் ஒருவரே. 2020 அக்டோபர் 13 அன்று பஃபலோ பில்ஸ் அணியின் ஜோஷ் நார்மனை ஹென்றி ஒரே தள்ளலில் தூக்கியெறிந்த காட்சி இணையத்தில் பெரிதும் பரவியது. ஹென்றியும் 2015இல் ஹைஸ்மன் விருது பெற்றவரே.

ஆத்திரேலியக் காற்பந்தில் ரிச்மண்ட் அணியின் டஸ்டின் மார்ட்டின் இதில் பெயர் பெற்றவர். 2017ஆம் ஆண்டு அவர் பிரவுன்லோ பதக்கம், இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம், வாகையர் பட்டம் ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் ஆட்டக்காரரானார். மகளிர் எழுவர் ரக்பியில் அமெரிக்காவின் இலோனா மேஹரின் கைத்தள்ளல்கள் 2024 பாரிசு ஒலிம்பிக்கில் பரவலான கவனத்தைப் பெற்றன; அவரது அணி வெண்கலம் வென்றது.

தடுப்பாளரின் எதிர்முறைகள்

கைத்தள்ளலை எதிர்கொள்ளும் எளிய வழி, நீண்ட கைக்குக் கீழே புகுந்து இடுப்பையோ தொடையையோ பிடிப்பதாகும். இரண்டாவது வழி, வரும் கையின் மணிக்கட்டையோ முழங்கையையோ மேலிருந்து தட்டிவிட்டு, அது மீள்வதற்குள் நெருங்குவது. சிலர் கையைப் பற்றிக்கொண்டு தம் எடையுடன் கீழே விழுவர். கையோடு ஓடுபவரும் வருவார். பந்து இருக்கும் பக்கமாக அணுகுவது இவை அனைத்திலும் சிறந்தது. ஏனெனில் அப்பக்கத்தில் தள்ளுவதற்குக் கை இல்லை. ஓடுபவர் பந்தைக் கை மாற்ற முயலும் நொடி, அதைப் பறிப்பதற்கும் ஏற்ற நொடியாகும்.

பிற விளையாட்டுகளில்

கூடைப்பந்தில் பந்தைத் தட்டிச் செல்பவர் வெறுங்கையைத் தம் உடலுக்கு அரணாக வைத்திருக்கலாம். அக்கையால் தடுப்பாளரைத் தள்ளி இடம் உண்டாக்கினால் அது தாக்கும் அணியின் குற்றமாகும். சங்கக் காற்பந்தில் எதிராளியைத் தள்ளினால் நேரடித் தண்ட உதை வழங்கப்படுகிறது. 1863இன் பத்தாம் விதி அங்கு வேறு சொற்களில் இன்றும் உயிரோடுள்ளது.